துபாயில் ஒரு ஐஸ் திருகு வாங்கிய கதை

மாவு மில்லை வேலைக்காரப் பெண்கள் பொறுப்பில் விட்டுவிட்டு நான் துபாய்க்குப் புறப்பட்டது ஒரே ஒரு காரியத்துக்காக. என் வீட்டுக்காரரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் ஜெபல் அலியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவர். உறைந்த மீனும் கோழியும் கூரை வரை அடுக்கியிருக்கும் இடம். மூட்டை தூக்கச் சேர்ந்து ஃபோர்மேன் ஆனார். அந்த மாதத்தோடு வேலை முடிகிறது. தூத்துக்குடியில் வீட்டுக்கு வெள்ளையடித்து, மாடி அறைக்கு ஏசி மாட்டி, எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஆள் வந்து இறங்குவதுதான் பாக்கி.

ஆனால் போனில் எப்போது கேட்டாலும் "பாப்போம், பாப்போம்" என்பார். வேலை முடிந்த மனுஷன் வீட்டுக்கு வருவதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நேரிலேயே போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

பாக்கி இருந்த லீவைப் போட்டுவிட்டு விமான நிலையத்தில் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். போன தடவையைவிட முடி குறைந்திருந்தது. தொப்பை அப்படியேதான் இருந்தது. பர் துபாயில் அவருடைய சினேகிதர் ஒருவர் குடும்பத்தோடு லீவில் போயிருந்ததால் அந்த வீட்டுச் சாவி எங்கள் கையில் இருந்தது. கீழே இறங்கினால் சேலைக்கடை, பூக்கடை, இட்லிக்கடை. மதுரை மாசி வீதியைக் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சாயங்காலம் ஒரு தமிழ் மெஸ்ஸில் பரோட்டா சாப்பிட்டோம். சால்னா நம் ஊர்ச் சால்னாதான். ஆனால் பரோட்டா மாஸ்டர் கையுறை போட்டுக்கொண்டு வீசினார். அது எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

"நாளைக்கு ஒரு சாமான் வாங்கணும். நீயும் வா" என்றார்.

வளையல் என்று நினைத்தேன். துபாய்க்குக் கூட்டிவந்து ஒருவர் அப்படிச் சொன்னால் வேறு என்ன நினைப்பது? அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புத் தண்டு. அதைச் சுற்றிச் சுருள் சுருளாகத் தகடு. மேலே வளைந்த கைப்பிடி, அடியில் இரண்டு பிளேடு. எங்கள் மில்லில் கோதுமையைத் தள்ளிவிடும் திருகு இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே ஜாடை.

"மில்லுக்கா?"

"மில்லுக்கு எதுக்கு? இது ஐஸ்ல ஓட்டை போடுதது. ஹேண்ட் ஆகர்ம்பாங்க."

"எந்த ஐஸ்ல?"

"ஏரியில உள்ள ஐஸ்ல."

"எந்த ஏரியில?"

"கனடாவுல."

எங்கள் மகன் கார்த்திக் கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறான். அங்கே குளிர்காலத்தில் ஏரி கெட்டியாகி, அதன்மேல் கார் ஓடுமாம். இந்தத் திருகால் ஓட்டை போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஓட்டைக்குள் தூண்டிலை விட்டு மீன் பிடிப்பார்களாம். சொல்லும்போதே அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"அவன் ஊர்ல இது கிடைக்காதா?"

"மூலைக்கு மூலை கிடைக்கும்."

"பொறகு இங்க எதுக்கு வாங்குதிய?"

நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் பார்த்தார். "ஏளா, துபாய்ல இருந்து போறவன் வெறுங்கையோடயா போவான்?"

இது எனக்குப் புரியாத சங்கதி இல்லை. எங்கள் தெருவில் வளைகுடாவிலிருந்து வருகிற எல்லா ஆண்களும் இப்படித்தான். நம் பஜாரிலேயே கிடைக்கிற கம்பளி, டார்ச் லைட், பாதாம், தலைவலித் தைலம், எல்லாவற்றையும் அங்கேயிருந்து சுமந்து வருவார்கள். கொடுக்காவிட்டால் வாங்குகிறவர்களுக்கும் முகம் சுண்டிவிடும். ஆனால் பாலைவனத்தில் ஐஸ் திருகு வாங்கி, ஐஸ் உள்ள ஊருக்குக் கொண்டுபோவது குற்றாலத்துக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோவது மாதிரி இல்லையா?

அதைவிட எனக்குள் தைத்தது வேறு. "போறவன்" என்றாரே, யார் போகிறவன்? எப்போது? நான் கேட்க வாயெடுப்பதற்குள் கை கழுவப் போய்விட்டார். அன்றைக்கு ஏசியைக் கடைசி வரை இறக்கி வைத்து, வெறும் பனியனோடு தூங்கினார். நான் இரண்டு கம்பளிக்குள் கிடந்து யோசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் தேராவில் இரும்புக்கடைத் தெருவுக்குப் போக மெட்ரோ ஏறினோம். ஏறினேன் என்று சொல்ல வேண்டும். பெட்டியின் நடுவில் தரையில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் பெண்களும் குழந்தைகளும். என்னை அங்கே ஏற்றிவிட்டு, அவர் அடுத்த கதவுக்கு ஓடினார். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே அவர் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கு என்கிறாரா, இரண்டு நிமிஷத்தில் வருவேன் என்கிறாரா? நான் இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினேன். அவர் அதற்கும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கி, அங்கேயிருந்து போன் போட்டு என்னைத் திட்டினார். பக்கத்தில் நின்ற ஒரு பிலிப்பைன்ஸ் பெண் என் முகத்தைப் பார்த்து ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

இரும்புக்கடைக்காரர் மலையாளி. படத்தைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு திருகை எடுத்து வந்தார். அடியில் கூரான திருகாணி முனை இருந்தது. "ஈச்சங்கன்னு நடக் குழி தோண்டுறதுக்கு இதுதான் எல்லாரும் வாங்குவாங்க சேட்டா."

"இது மண்ணுக்கு உள்ளது. ஐஸுக்கு உள்ளதுல இந்த முனை இருக்காது. ரெண்டு பிளேடுதான் வெட்டும்" என்றார் இவர்.

"சேட்டன் ஐஸ் வெட்டியிட்டுண்டோ?"

"இல்லை. பாத்திருக்கேன்."

"எவிடே?"

"போன்ல."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். எனக்கும் ஒன்றும் தெரியாது சேட்டா என்பதுபோல் நானும் அவரைப் பார்த்தேன். அடுத்த கடையில் கான்கிரீட்டில் ஓட்டை போடுகிற மிஷினைக் காட்டினார்கள். அதற்கடுத்த கடையில் ஒருவர் "ஐஸா? மாஃபி!" என்று கையை விரித்துவிட்டுச் சிரித்தார். இல்லை என்பதற்கு அங்கே எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். மத்தியானம் வரை நடந்து என் கால் வீங்கியதுதான் மிச்சம்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, கிடங்கில் அரை நாள்தான் டியூட்டி. அவருடைய ரூம்காரர்கள் என்னைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். அவர்கள் தங்கியிருக்கிற தொழிலாளர் கேம்ப்புக்குள் பெண்கள் போகக் கூடாது. அதனால் ஜெபல் அலியில் கேம்ப் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். ஏழெட்டுப் பேர் குளித்து, சென்ட் அடித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்கள். ரூமிலேயே வைத்த மீன் குழம்பைத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார்கள். குபூஸ் ரொட்டியைக் கிழித்து அதில் தோய்த்துச் சாப்பிடச் சொன்னார்கள். புளி தூக்கல். ஆனால் இவ்வளவு நாள் இவர்கள்தானே இவருக்குச் சோறு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

ராமநாதபுரம் பக்கத்துக்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பாண்டி. அவர்தான் ஆரம்பித்தார். "ஆகர் கிடைச்சுச்சா மதினி?"

நான் திடுக்கிட்டேன். "ஒங்களுக்கும் தெரியுமா?"

தெரியுமாவா! டியூட்டி முடிந்து வந்ததும் ரூமில் அந்த வீடியோக்கள்தான் ஓடுமாம். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே கட்டில்மேல் கட்டிலாக அடுக்கிய ரூமில் அத்தனை பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து, எவனோ ஒரு வெள்ளைக்காரன் ஐஸில் ஓட்டை போட்டு மீனுக்குக் காத்திருப்பதைப் பார்ப்பார்களாம். அவன் பேச்சும் புரியாது, மீன் பேரும் தெரியாது. இருந்தாலும் மீன் கடித்தால் ரூமே கைதட்டுமாம்.

"எட்டு இஞ்ச்சு வாங்குங்க மதினி. ஓட்டை பெருசா இருந்தாத்தான் பெரிய மீனு வெளிய வரும்" என்றார் பாண்டி.

"அண்ணி, அவன் பேச்சக் கேக்காதீங்க" என்றார் கும்பகோணத்துக் குமரேசன். "எட்டு இஞ்ச்ச கையால சுத்த ஏலாது. ஆறு இஞ்ச்சு. பிளேடு வளைஞ்சதா இருக்கணும். நேர் பிளேடு ஐஸ சொரண்டும், வெட்டாது."

"ஆமா, நீ வெட்டிக் கிழிச்ச!"

"நீ வெட்டுன?"

ஒருத்தருமே ஐஸ் ஏரியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பல் வைத்த பிளேடு பழைய ஓட்டையைத் திறக்கத்தான் லாயக்கு, தண்டின் நீளத்தைக் கூட்ட இன்னொரு துண்டு வாங்க வேண்டும், பிளேடு மூடி இல்லாமல் வாங்கவே கூடாது என்று ஆளாளுக்கு ஒரு சட்டம் சொன்னார்கள். நான் மில்காரி. அகலம் கூடினால் சுற்றுவதற்குப் பலம் வேண்டும், அவ்வளவுதானே? அதைச் சொன்னேன். ஒரு நிமிஷம் எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். பிறகு மறுபடியும் சண்டை.

போகிற நேரத்தில் பாண்டி கண் கலங்கிவிட்டார். "அண்ணன் போனா ரூமுக்கே களை இல்ல மதினி. ஆறு மாசம் கனடாவுல இருப்பாரு, அது கழிச்சும் அங்கனயே நீட்டிப்பேன்னு சொல்றாரு. எங்களுக்கு அங்க இருந்து மெய்யான வீடியோ அனுப்பணும்னு சத்தியம் வாங்கியிருக்கோம்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் டீ கிளாஸைப் பார்த்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் கேட்டேன். "ஊர்ல எல்லார்ட்டயும் ஒங்கள கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"டிக்கெட் இன்னும் போடல."

"நான் டிக்கெட்டைக் கேக்கல."

"பாப்போம்" என்றார். பஸ்ஸில் அத்தனை பேர் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கிடங்குகள், கன்டெய்னர்கள், மறுபடியும் கிடங்குகள். அழுகையை அடக்கிக்கொண்டு பார்க்க ஏற்ற ஊர்தான்.

சனிக்கிழமை. பழைய சாமான் விற்கிற ஆப்பில் ஒரு விளம்பரம் கிடைத்தது என்று விடியும்போதே எழுப்பினார். சனிக்கிழமையில் இரும்பு வாங்கலாமா என்று நான் கேட்டேன். கோபமாக இருந்தாலும் அது வேறு, இது வேறு. தண்டு அலுமினியம், பிளேடு மட்டும்தான் இரும்பு என்றார். அப்படியானால் பிளேடு வாங்குவது மட்டும் தப்பா? எனக்குக் குழப்பமாக இருந்தது. போனேன்.

விற்றவர் ஒரு ரஷ்யர். சைபீரியாப் பக்கமாம். நல்ல உயரம், சிவந்த முகம், அரை டிராயர். வீட்டுச் சாமான்களைக் கப்பலில் போட்டுக் குடிவந்தபோது இரண்டு ஐஸ் திருகையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார். பால்கனியில் சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டும் சாய்ந்து நின்றன. ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். பேச்சு எல்லாம் போன் வழியாக. அவர் போனில் ரஷ்ய மொழியில் பேசினால் அது தமிழில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி திருப்பிச் சொன்னது.

"நீங்கள் எந்த ஏரியில் மீன் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டது போன்.

"ஏரி இன்னும் பாக்கல" என்றார் இவர்.

"உங்கள் ஊரில் ஐஸின் கனம் எவ்வளவு?"

"எங்க ஊர்ல ஐஸ் கடையில மட்டும்தான்."

ரஷ்யர் போனை உதறிவிட்டு மறுபடி கேட்டார். போன் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார். அவருடைய மனைவி எனக்கு ஜாம் போட்ட டீ கொடுத்தார். டீயில் ஜாமா என்று பயந்தேன், நன்றாகத்தான் இருந்தது. அவர் தன்னுடைய போனை என் பக்கம் நீட்டினார்.

"இதை நீங்கள் எடுத்துக்கொண்டு போவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். முப்பது குளிர்காலம் இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்ததில்லை. ஐஸ்மேல் போய் உட்கார்ந்துகொள்வார். மீன் கொண்டுவந்ததும் குறைவு."

"அங்க போய் என்ன செய்வாரு?" என்று நான் கேட்டேன்.

"ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் போவது."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அப்படியானால் இவர் வாங்குவது என்னிடமிருந்து எழுந்துபோய் உட்கார்வதற்கு ஒரு சாமானா? இருபது வருடத்துக்கு மேல் கடலைத் தாண்டி உட்கார்ந்தது போதாதா?

ஐஸை வெட்டிப் பார்க்காமல் யாரும் திருகு வாங்கக் கூடாது என்று ரஷ்யர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். எங்களைக் காரில் ஏற்றி மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். படகுகளுக்கு ஐஸ் கட்டி விற்கிற இடம். பெரிய ஐஸ் பாளம் ஒன்றை வாங்கி ஈரச் சிமென்ட் தரையில் வைத்தார். வெளியே நல்ல வெயில். படகுகளில் வேலை பார்க்கிற ஆட்கள் கூடிவிட்டார்கள். அதில் ஒருவர் கன்னியாகுமரிக் கரைக்காரர்.

"எக்கா, என்ன நடக்குவு?" என்றார்.

"ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போறாராம்."

"நாங்க மீனப் பிடிச்சி ஐஸுக்க உள்ள போடுதோம். இவரு ஐஸத் தோண்டி மீனப் பிடிப்பாராக்கும்? எந்தக் கடலுல உள்ள ஏற்பாடு இது?"

முதலில் அகலமான திருகு. இவர் நிமிர்ந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். திருகு நின்ற இடத்தில் நின்றது, ஐஸ் பாளம் சுற்றியது. எல்லாரும் சிரித்தார்கள். "ஏளா, அதுமேல உக்காரு" என்றார். என்னையா? ஆமாம், என்னைத்தான். பாளத்தின் ஒரு ஓரத்தில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். அடிவரை ஜில்லிட்டது. சேலை நனைந்து ஒட்டிக்கொண்டது. மானம் போனது போனதுதான், சுற்றித் தொலையட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நாலு சுற்றில் அவருடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்கிய தோள். ரஷ்யர் கை கொடுத்தார். கறக்கென்று ஒரு சத்தம். பாளம் இரண்டாகப் பிளந்து, நான் தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். கன்னியாகுமரிக்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார்.

இரண்டாவது பாளத்தில் ஒடுக்கமான திருகு. இந்தத் தடவை நான் உட்காரவில்லை, ஒரு பலகையை வைத்து மிதித்துக்கொண்டேன். இவர் சுற்றுகிறார், சுற்றுகிறார், ஐஸ் வழவழப்பாகிறதே தவிர வெட்டவில்லை. பிளேடு மொட்டை என்றார் ஒருவர். ஐஸ் சரியில்லை என்றார் இன்னொருவர். ரஷ்யர் ஏதோ கத்தினார். போன் அமைதியாகச் சொன்னது: "அன்பரே, இது இடது பக்கம் சுற்றுவது." முன்னதாகவே சொல்லியிருக்கக் கூடாதா! இடது பக்கம் சுற்றியதும் சரசரவென்று வெள்ளைப் பூவாக ஐஸ் மேலே வந்தது. அந்தப் பக்கம் சுற்ற அவர் தோளுக்கும் கொஞ்சம் சுகமாக இருந்ததாம். அடி வரை போய் டொக்கென்று தரையைத் தொட்டது.

அவர் முட்டி போட்டு அந்த ஓட்டைக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே என்ன இருக்கப்போகிறது, சிமென்ட் தரைதான். ஆனாலும் அவ்வளவு ஆசையாகப் பார்த்தார். அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. லீவில் வரும்போதெல்லாம் பெட்டியைப் பிரித்து எல்லாருக்கும் கொடுக்கிற முதல் நாளில்கூட அந்த முகம் கிடையாது. எனக்குக் கோபமா, பொறாமையா, என்னவென்றே தெரியவில்லை.

ஒடுக்கமானதையே வாங்கினோம். ரஷ்யரும் மனைவியும் போன பிறகு துறைமுகச் சுவர் ஓரமாக உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிட்டோம். என் சேலை காய வேண்டும். எனக்கு இனிமேல் பொறுக்க முடியாது என்று தோன்றியது.

"இப்பச் சொல்லுங்க. என்கூட வரப் பிடிக்கலையா?"

மீனில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார். "போன லீவுல ஒரு நாள் மில்லுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கா? புதுசா ஒரு பிள்ளை வேலைக்கு நின்னுச்சு. என்னைப் பாத்து, 'என்ன அரைக்கணும் சார்?'னு கேட்டுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"தப்பு அந்தப் பிள்ளை மேல இல்ல. நான் மில்லுல வந்து என்ன செய்ய? நீ விடியுமுன்ன போயிருத. நான் ஹால்ல உக்காந்து ரிமோட்டை அமுக்குதேன். எந்த சுவிட்சு எந்த ஃபேனுக்குன்னு எனக்குத் தெரியாது. தெருவுல இறங்கினா, 'எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க'ன்னு கேக்கான். ரெண்டே கேள்விதான். இனிமே போகலன்னு சொன்னா மூணாவது என்ன கேப்பான்? 'சும்மாதான் இருக்கீங்களா'ன்னு கேப்பான்."

"ஐஸ்ல போய் உக்காந்தா மட்டும்?"

"அங்க எல்லாவனும் சும்மாதான உக்காந்திருக்கான்! ஆனா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. கையில சாமான் இருக்கு. ஓட்டை போட்டுட்டு உக்காந்திருக்கான். சும்மா இருக்கதுக்கு ஒரு மரியாதை இருக்குளா அங்க."

மனுஷன் இத்தனை நாள் இதையா மனதுக்குள் வைத்துக்கொண்டு இரும்புக்கடை இரும்புக்கடையாக அலைந்தார்? பாவமாக இருந்தது. அதே நேரத்தில், ஊரில் கிடந்து தனியாக மில்லை ஓட்டியவள் நான், எனக்கு யார் மரியாதை கொடுத்தது என்று ஆத்திரமும் வந்தது. டாக்ஸியில் நடுவில் திருகைக் கிடத்திக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வந்தோம். டிரைவர் பெஷாவர்க்காரர். கண்ணாடியில் பார்த்து, "பாய், இது என்ன ஆயுதம்?" என்று உருதுவில் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்டினோம். எனக்கு மறுநாள் விமானம். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். திருகைப் பழைய கம்பளியில் சுற்றி, பிளேடுக்குத் தனியாக அட்டை வைத்து, நீளமான அட்டைப்பெட்டியில் இறக்கினார். கயிறு கட்டுவதில் அவர் கெட்டிக்காரர். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"சரி. கனடா வேண்டாம். உன்கூடவே வந்துருதேன். இனி எங்கயும் போகல."

நான் எதற்காக மில்லை விட்டுவிட்டு வந்தேனோ அது நடந்துவிட்டது. சந்தோஷத்தில் துள்ள வேண்டும். ஆனால் என் மனதில் ஓடியது வேறு. என் கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தில் நான் துவைத்த துணியை மடித்து அடுக்கி வைத்திருக்கிறேன். காலையில் யாரிடமும் பேசாமல் காபி குடிப்பது எனக்குப் பழகிவிட்டது. ராத்திரி பசிக்காவிட்டால் சமைப்பதில்லை. யாரும் எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை. இந்த மனுஷன் தினமும் வீட்டில் இருந்தால், நான் யாராக இருப்பது? லீவில் வருகிறவருக்கு என்ன சமைப்பது என்று தெரியும். போகாதவருக்கு?

"என்னளா, ஒண்ணும் சொல்லாம நிக்க?"

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. வருவீர்களா, வருவீர்களா என்று அத்தனை நாள் கேட்டேனே தவிர, வந்தால் என்ன செய்வது என்று ஒரு தடவைகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அவர் கயிற்றைக் கையில் பிடித்தபடியே என்னை அண்ணாந்து பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"அப்பாடா!" என்றார். "உனக்குமா? எனக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். எனக்கும் அழுகை, சிரிப்பு எல்லாம் ஒன்றாக வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இவ்வளவு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குப் பயப்பட்டது அதுதான் முதல் தடவை.

பெட்டிமேல் பேரும் ஊரும் கொட்டை எழுத்தில் எழுதாவிட்டால் வளைகுடாக்காரருக்குப் பெட்டி கட்டிய மாதிரியே இருக்காது. மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றியவர் அப்படியே நிறுத்தினார்.

"எந்த ஊருன்னு எழுத?"

"தூத்துக்குடின்னு எழுதுங்க. போய் இருந்து பாப்போம். ஒத்து வரலன்னா இந்தச் சவத்துத் திருகைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேருமா ஐஸுக்குப் போவோம். ஆனா ஸ்டூலு ரெண்டு வேணும். நான் நின்னுக்கிட்டு இருக்க மாட்டேன்."

அவர் எழுதினார்.